பல்லக்கா வாயைத் திறந்த நாள்

பல் ஆஸ்பத்திரிக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. கன்னம் வீங்கி, ராத்தூக்கம் கெட்டு, உலகத்தின் மேலேயே ஒரு கோபத்தோடுதான் வருவார்கள். அப்படி உட்கார்ந்திருக்கும் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உங்க பல்லை எங்களுக்குக் குடுக்கிறீங்களா?" என்று கேட்பதுதான் பல்லக்காவின் வேலை. சும்மா வேலை இல்லை, மாதச் சம்பளம் வாங்குகிற வேலை.

பிடுங்கிய பல்லை வைத்து என்ன செய்வார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். மாலை கட்டவா என்று கேட்ட பெரியவர்கூட உண்டு. பல்லக்கா அசரமாட்டாள். பல்லுக்கு உள்ளே பஞ்சு மாதிரி ஒரு சதை இருக்கிறது, அதில் ஸ்டெம் செல் என்று ஒன்று இருக்கிறது, நாலாவது மாடியில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் அதைத் தனியே எடுத்து வளர்க்கிறார்கள் என்று ஆரம்பிப்பாள். எலும்பாகவும் ஆகலாம், நரம்பாகவும் ஆகலாம், எப்படித் தட்டிக்கொடுத்தால் எதுவாக ஆகிறது என்று கண்டுபிடித்தால் நாளைக்கு ஒரு நோயாளிக்கு உதவும். இதே சரக்கு எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது, தொப்பைக் கொழுப்பில் இருக்கிறது, பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் அதையெல்லாம் எடுக்க மெனக்கெட வேண்டும். பல் அப்படியில்லை, எப்படியும் குப்பைக்குப் போகப்போகிறது.

"சுருக்கமாச் சொன்னா, பெரியவனானதும் என்ன வேலைக்குப் போறதுன்னு இன்னும் முடிவு பண்ணாத செல்லுங்க" என்பாள்.

ஒரு தடவை இதைக் கேட்ட ஒரு அம்மாள், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பக்கத்திலிருந்த தன் மகனைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. முப்பது வயசாகுது. அதையும் எடுத்துக்கிறீங்களா?" என்றாள். மகன் எழுந்துபோய் மீன்தொட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

கேட்டதும் பல்லைக் கொடுத்துவிடுகிற புண்ணியவான்கள் கொஞ்சம்தான். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு சாக்கு இருக்கும். ஞானப்பல் போனால் ஞானமும் போய்விடுமோ என்று சிலர் இழுப்பார்கள். என் பல்லிலிருந்து என்னைப்போலவே இன்னொருத்தனைச் செய்து என் வீட்டுக்கே அனுப்பிவிட்டால் என்று ஒருவர் கவலைப்பட்டார். அவர் மனைவிக்குத்தான் அதைவிடக் கவலை. ஆனால் எல்லாச் சாக்குக்கும் மேலே, தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை பல்லக்கா கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சாக்கு ஒன்று உண்டு. "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்." இதைச் சொன்னவர்கள் யாரும் வீட்டில் கேட்டதும் இல்லை, திரும்பி வந்து சொன்னதும் இல்லை. "தன் வாயில இருக்கிற பல்லுக்கு வீட்டுல எதுக்குக் கேக்கணும்? வீடு என்ன மெல்லுதா?" என்று அவள் சாப்பாட்டு நேரத்தில் பொரிந்து தள்ளுவாள்.

வேலையில் பல்லக்கா கறார். கேள்வியை ஊசிக்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும் என்பது சட்டம். மருந்து ஏறி வாய் மரத்துப்போனவர் பாதிப் பயத்திலும் பாதி மயக்கத்திலும் இருப்பார், எதற்கும் தலையாட்டுவார், அது சம்மதம் ஆகாது. ஒரு தடவை டாக்டரம்மா அவசரத்தில் ஊசியைப் போட்டுவிட்டு, அப்புறம் பல்லக்காவைக் கூப்பிட்டார். அருமையான பல், முத்து மாதிரி. நாற்காலியில் இருந்த பையன் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினான். பல்லக்கா மசியவில்லை. "மரத்த வாய் சொன்ன சம்மதம் செல்லாது டாக்டர்" என்று சொல்லி, அந்த முத்தை மஞ்சள் குப்பைத்தொட்டியில் போட வைத்தாள். டாக்டரம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இவ்வளவு நேர்மையானவளிடம் ஒரே ஒரு பொய் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கல்லூரிப் பெண் நாற்காலியில் ஏறாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்ன சொல்லியும் தேறவில்லை. அப்போதுதான் பல்லக்காவின் வாயில் அது தானாக வந்தது. "எனக்கு நாலு ஞானப்பல்லையும் எடுத்தாச்சு கண்ணு. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு." அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் ஏறினாள்.

அதற்குப் பிறகு அந்தப் பொய் நல்ல தீனி தின்று வளர்ந்தது. முதலில் எறும்பு மட்டும் இருந்தது. அடுத்த வருஷம், பல் எடுத்த அன்று சாயங்காலமே அப்பளம் கடித்ததாக ஆயிற்று. அதற்கடுத்த வருஷம், நாற்காலியிலேயே தூங்கிவிட்டதாகவும் டாக்டர் எழுப்பி வீட்டுக்கு அனுப்பியதாகவும் ஆயிற்று. புதிதாக வந்த நர்சுகள் அதை மற்றவர்களுக்குச் சொன்னார்கள். உண்மை என்னவென்றால், பல்லக்கா பிறந்ததிலிருந்து இன்றுவரை எந்தப் பல் டாக்டரின் நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை. அந்த மிஷின் சத்தம் கேட்டாலே அவளுக்கு முழங்கால் இரண்டும் தந்தியடிக்கும். ஊருக்குத்தானே உபதேசம்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். பல்லக்கா அதைவிடக் கெட்டிக்காரி, பல வருஷம் தாங்கியது. பிறகு வலது பக்கம் கீழே, கடைசியில், ஒரு வலி வந்தது.

முதலில் காற்று பட்டிருக்கும் என்றாள். அப்புறம் சூடு என்றாள். ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, இடது பக்கத்தாலேயே தின்று, இடது பக்கத்தாலேயே சிரித்து நாளை ஓட்டினாள். அவள் புருஷன் கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர். ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கடுகைவிடச் சின்னச் சக்கரத்தில் தேய்மானம் கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு, எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற பெண்டாட்டி ஒரு பக்கமாக மெல்வது தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. ஆனால் அவர் அதிகம் பேசமாட்டார். பேச்செல்லாம் அவள் பங்கு. அவர் பாட்டுக்கு உருளைக்கிழங்கை மசித்து வைத்தார், சோற்றைக் குழைய வடித்தார். அவள் அதையும் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள்.

தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்றால், வாயைத் திறந்தால் மானம் போய்விடும். நாலையும் எடுத்தவளுக்கு நாலில் ஒன்று எப்படி வலிக்கும்? ஒரு விடுமுறை நாளில், முகத்தில் மாஸ்க், தலையில் துப்பட்டா, கண்ணில் கறுப்புக் கண்ணாடி சகிதம், இரண்டு பஸ் மாறி, ஊரின் அந்தக் கோடியில் இருந்த ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனாள். அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். பல் நல்ல பல்தான், சொத்தை இல்லை, சாய்ந்து படுத்திருக்கிறது, மேலே ஈறு வீங்கியிருக்கிறது, எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்கள். இடது பக்கமும் ஒன்று அதேபோலப் படுத்திருக்கிறது என்று போனஸாக ஒரு செய்தியும் சொன்னார்கள். பல்லக்கா எக்ஸ்ரேயைக் கைப்பையில் திணித்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் சீட்டு கொடுக்கிற பெண் அவளை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க பல்லக்காதானே? போன வருஷம் என்கிட்ட பல்லு கேட்டீங்களே. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னு சொன்னீங்க."

"அது என் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற முதல் பஸ்ஸில் ஏறினாள். அது எதிர்த்திசையில் போகிற பஸ்.

இது இப்படி இருக்க, நாலாவது மாடியில் ஒரு கேடு நடந்தது. அங்கே பல்லை உடைத்து, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்து, செல் வளர்க்கிறவனை எல்லோரும் மாடித்தம்பி என்பார்கள். படிப்பில் புலி. மனுஷர்களிடம் பேசச் சொன்னால்தான் எலி. அவன் கீழே இறங்கி வந்தாலே ஏதோ விபரீதம் என்று அர்த்தம். அன்று இறங்கி வந்தான். செல்களை வளர்க்கிற வெதுவெதுப்பான பெட்டிக்குள் பூஞ்சை புகுந்துவிட்டதாம். பல மாதமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்ததெல்லாம் பாழ். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், உடனே பல் வேண்டும். சொல்லும்போது அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பல்லக்காவுக்கு மனசு பொறுக்கவில்லை. பேசத் தெரியாத பிள்ளை அழுதால் பார்க்க முடியாது.

சின்ன வயசுப் பல்தானே வேண்டும் என்று கேட்டாள். ஆமாம், இளசாக இருந்தால் செல் நிறையக் கிடைக்கும் என்றான். அத்தோடு விட்டிருக்கலாம். "ஒப்பிட்டுப் பாக்க வயசானவங்க பல்லும் ஒண்ணு வேணும்கா. நாப்பதுக்கு மேல" என்றான்.

அவளுக்கு நாற்பது முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நாற்பது என்றால் வயசானவளா என்று கோபம் வந்தது. கூடவே வலது பக்கம் கீழே ஒரு இழுப்பு வந்தது. இத்தனை நாளாக, நம் பல் அவர்களுக்கு உதவாது, வயசு தாண்டிவிட்டது என்று ஒரு சமாதானம் வைத்திருந்தாள். அதுவும் போயிற்று.

மறுநாள் காலையில் தீயணைப்பு வீரன் ஒருவன் வந்தான். வாசலில் குனிந்துதான் உள்ளே நுழைய முடிந்தது, அப்படி ஒரு உடம்பு. சின்ன வயசு. ஞானப்பல்லும் அவன் சைஸுக்குத்தான் இருக்கும் என்று பல்லக்கா கண்ணாலேயே அளந்தாள். எரிகிற கட்டடத்துக்குள் நுழைந்து ஆளைத் தோளில் தூக்கி வருகிறவன், நாற்காலிக்குப் பக்கத்துத் தட்டில் ஊசியைப் பார்த்ததும் வெலவெலத்துப்போனான். நெருப்பு எதிரே தெரியும், இது வாய்க்குள்ளே நடக்கிறது, எனக்குத் தெரியாது என்று நியாயம் பேசினான். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பல்லக்கா தன் பழைய அஸ்திரத்தை எடுத்தாள்.

"எனக்கு நாலையும் எடுத்தாச்சு தம்பி. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கிண்டல் இல்லை, சந்தேகம்கூட இல்லை. நிஜமாகவே தைரியம் தேடுகிற முகம்.

"அப்ப வாயைத் திறந்து காட்டுங்கக்கா" என்றான். "எடுத்த இடத்தைப் பாத்தேன்னா எனக்குத் தைரியம் வந்துரும்."

இத்தனை வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. பல்லக்கா சிரித்தாள், இடது பக்கத்தால். மாடியில் வேலை இருக்கிறது என்றாள். தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். டாக்டரம்மா அவளுடைய சங்கடம் புரியாமல், காட்டுங்களேன், ஒரு நிமிஷம்தானே, பிள்ளை பயப்படுகிறான் என்று எடுத்துக்கொடுத்தார். தப்பிக்க வழியில்லை. பல்லக்கா கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். அவ்வளவுதான், டாக்டரம்மாவின் கை பழக்கதோஷத்தில் விளக்கை அவள் பக்கம் இழுத்துவிட்டது.

"நாலும் இருக்கே" என்றார் டாக்டரம்மா. அப்புறம் இன்னும் குனிந்தார். "வலது கீழ படுத்திருக்கு. ஈறு இப்படி வீங்கியிருக்கு. எத்தனை நாளா இதோட நடமாடிட்டு இருக்கீங்க?"

வாயை மூடிய பிறகும் பல்லக்கா கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது தீயணைப்பு வீரன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்திருந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவால்லக்கா. வீட்டுல கேட்டுட்டு இன்னொரு நாள் வரேன்" என்றான். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மாடித்தம்பியின் ஈரக் கண் ஞாபகம் வந்தது. இனிமேல் இந்த ஆஸ்பத்திரியில் யாரிடம் போய் எந்த முகத்தோடு பல் கேட்பது? இவன் வாசலைத் தாண்டிவிட்டால் தன் வேலையும் அவனோடு தாண்டிப் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"தம்பி, உக்காருங்க" என்றாள். "நான் முதல்ல எடுத்துக்கிறேன். நீங்க பக்கத்துல இருந்து பாருங்க. பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

சொன்ன வாய் சொன்னதுதான், முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. நாற்காலியில் அவளை ஏற்றுவதற்குத் தீயணைப்பு வீரன்தான் கைகொடுத்தான், தொழில் பழக்கம். கைப்பையிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்து நீட்டினாள். டாக்டரம்மா அதில் இருந்த கிளினிக் பேரைப் படித்துவிட்டு அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு மருந்து போட்டு மரக்கவைக்க முடியாது. எதுவும் பேச வேண்டாம், சீக்கிரம் ஊசியைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஓடிவிடுவேன் என்று பல்லக்கா கெஞ்சினாள். டாக்டரம்மா போட்டார்.

எறும்பு இல்லை. குளவி என்றாலும் தகும். பிறகு கன்னம் தன்னுடையது இல்லாமல் போயிற்று, தலையணையை யாரோ வாயில் வைத்தது போல இருந்தது. வலி நின்றது, பயம் நிற்கவில்லை. இழுக்கிற இழுப்பில் மண்டையே கூட வந்துவிடும் என்று நினைத்தாள். பக்கத்தில் கிடைத்த கையைப் பிடித்து நெரித்தாள். அது தீயணைப்பு வீரனின் கை. அந்த அறையில் வலி தாங்காமல் கத்தியவன் அவன் ஒருவன்தான்.

பல் வந்துவிட்டது. இடுக்கியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார் டாக்டரம்மா. முழுப் பல், வேர் உடையாமல், சொத்தை இல்லாமல். நாற்பதுக்கு மேல் ஒன்று வேண்டும் என்று மாடித்தம்பி சொன்னானே, அதற்கென்றே செய்த பல். பல்லை மாடிக்குக் கொண்டுபோவதற்காக இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றிய குழாய் ஐஸ் பெட்டியில் தயாராக இருந்தது. டாக்டரம்மா பல்லைக் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், கையை அப்படியே நிறுத்தினார்.

"ஆமா, இவங்ககிட்ட யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஆள் நாற்காலியில் படுத்திருந்தாள். பல வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் பல் எடுக்க ஒருவர், சுத்தம் செய்ய ஒருவர், பல்லைத் தூக்கிப்போக ஒருவர் என்று இருந்தும், கேட்பதற்கு அவளைத் தவிர வேறு யாரையும் பழக்கியிருக்கவில்லை. பல்லக்கா பஞ்சை அதக்கிக்கொண்டு தலையாட்டினாள். எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று கழுத்து சுளுக்குகிற மாதிரி ஆட்டினாள். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒரு நாள் இதே நாற்காலியில் இதே மாதிரி ஆட்டிய பையனின் தலை ஞாபகம் வந்தது. தலை மெதுவாக நின்றது. தன் கன்னத்தைத் தானே விரலால் குத்திக் காட்டி, கையை விரித்தாள்.

"மரத்த வாய் சொன்ன சம்மதம் செல்லாது" என்றார் டாக்டரம்மா. அந்த முத்துப் பல்லுக்கு இத்தனை நாள் கழித்துக் கிடைத்த நியாயம் அவர் குரலில் இனித்தது. ஆனாலும் நல்ல மனுஷி, குப்பைத்தொட்டிக்கு அனுப்பவில்லை. பஞ்சில் சுற்றி அவள் கையிலேயே கொடுத்தார்.

கேட்பவர் வாய் மரத்திருக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பல்லக்கா இறங்கி, தீயணைப்பு வீரனுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கேட்டாள். ஊசி குத்தும், எறும்பு கடி இல்லை. இழுக்கும்போது பயமாக இருக்கும். பல் மாடிக்குப் போகும், அதனால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. யாருக்காவது என்றைக்காவது உபயோகப்படலாம், படாமலும் போகலாம், பூஞ்சை தின்றாலும் தின்றுவிடும். அத்தனையையும் நிஜமாகச் சொன்னாள். பல வருஷத்தில் முதல்முறையாக ஒரு பொய் கலக்காமல் சொன்னாள், அதில் ஒரு வார்த்தைகூட வார்த்தையாக வெளியே வரவில்லை. எச்சில்தான் வந்தது. அவன் நெரிபட்ட கையைத் தடவிக்கொண்டே அவள் முகத்தையும், அவள் உள்ளங்கையில் இருந்த பல்லையும் மாறி மாறிப் பார்த்தான். டாக்டரம்மா ஒவ்வொன்றாக மறுபடி எடுத்துச் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டான்.

"வலிக்கும்னு சொல்றீங்க. அது போதும்கா, இப்பதான் நம்பிக்கை வருது. எடுத்துக்கோங்க" என்றான், மரக்காத வாயால். அப்புறம்தான் ஊசி.

ஒரு வாரம் கழித்து மாடித்தம்பி மறுபடி கீழே இறங்கி வந்தான். பல்லக்கா பதறி எழுந்தாள். பூஞ்சை இல்லையாம். தீயணைப்பு வீரனின் செல்கள் அவனைப் போலவே திடகாத்திரமாக வளர்கின்றனவாம். அதைச் சொல்லிவிட்டும் அவன் போகவில்லை. மேஜை விளிம்பைச் சுரண்டினான்.

"இடது பக்கம் ஒண்ணு படுத்திருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. அதையும் எடுக்கத்தான் வேணுமாம். எடுக்கும்போது எங்களுக்குக் குடுக்கிறீங்களாக்கா? இல்லன்னு சொன்னாலும் ஒண்ணும் இல்ல."

கேட்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கேட்கப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

சொன்ன பிறகு வேறு வழியில்லை, வீட்டில் கேட்டாள். புருஷன் மேஜை விளக்கின் கீழே கடிகாரத்தைப் பிரித்து வைத்திருந்தார். வலது பக்கத்துப் பல்லை, சின்ன உதிரிச் சக்கரங்கள் போட்டுவைக்கிற வட்ட டப்பி ஒன்றில் தனியாக மூடி வைத்திருந்தார், ஏன் என்று அவளும் கேட்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவரிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறாள், எதையும் கேட்டதில்லை. அவர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

"வலிக்குமா?" என்றார்.

எறும்பு என்று ஆரம்பிக்க வாய் தானாகவே போயிற்று. நிறுத்திக்கொண்டாள்.

"வலிக்கும். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

"அப்ப அன்னிக்குக் கடையைப் பூட்டிட்டு நானும் வரேன். கையைப் பிடிச்சுக்க" என்றார். பிறகு தன் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அவருக்குத் தொழிலே அந்தக் கைதான். "இடது கையை" என்று திருத்தினார்.

மறுநாள் காலையில் பல்லக்கா வேலைக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் நாலு மாடியும் படியேறிப் போனாள். லிஃப்ட்டுக்குக் காத்திருந்தால் மனசு மாறிவிடும் என்ற பயம். மாடித்தம்பி கதவைத் திறந்தான். "எடுத்துக்கோங்க தம்பி, வீட்டுல கேட்டுட்டேன்" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, அவன் நன்றி சொல்வதற்குள் திரும்பி இறங்கினாள்.